அந்தக் கோட்டை எடுத்துடவா?

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, படம் எடுக்கப் போனேன். எடுத்த பையனுக்கு 22, 23 வயது இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தான், என் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினான், மவுஸை என் இரண்டு புருவங்களுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, "மேடம், இந்தக் கோட்டை எடுத்துடவா?" என்றான். கேட்ட விதத்தில் ஒரு தப்பும் இல்லை. தோளில் நூல் ஒட்டியிருக்கிறது, எடுத்துவிடவா என்று கேட்பது போலத்தான் கேட்டான்.

"வேண்டாம்பா, பாஸ்போர்ட் படத்துல எதையும் திருத்தக் கூடாது" என்று சட்டம் பேசினேன். "சின்னதாப் பண்ணா யாருக்கும் தெரியாது மேடம்" என்று அவன் இன்னொரு முறை ஆசை காட்டினான். மறுத்துவிட்டு வந்துவிட்டேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் சரி என்றிருப்பேன், கண்ணுக்குக் கீழே தொங்குவதையும் கொஞ்சம் பார்த்துக்கோ என்று சேர்த்தே சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பாஸ்போர்ட்டைத் திறந்து புதுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் 43 வயதுக்காரி ஒருத்தி, இதில் 53. நடுவில் போன பத்து வருடமும் தினம் காலையில் கண்ணாடியில் பார்த்த முகம்தான், ஒரு நாளும் அது மாறுகிற மாதிரி தெரிந்ததில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால் யாரோ ராத்திரியில் புகுந்து சாமானையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்கிறது. கன்னம் இருந்த இடத்தில் கன்னம் இல்லை, அது இறங்கி வந்து தாடையோரம் உட்கார்ந்திருக்கிறது. மேலுதடு மெலிந்துவிட்டது. இமை சரிந்து, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவள் போல ஒரு பார்வை.

நரை, திரை, மூப்பு என்று நம் மொழி இதற்குப் பழைய வரிசை ஒன்று வைத்திருக்கிறது. அதில் திரை என்பது தோலில் விழும் சுருக்கம். கடலில் எழும் அலைக்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் வயதான முகத்தை உற்றுப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இப்போது கணினியில் ஒளிர்கிற கண்ணாடிக்கும் அதையே சொல்கிறோம். ஆக, அந்தப் பையன் திரையில் என் திரையை அழிக்கப் பார்த்திருக்கிறான்!

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்காவது வருத்தப்பட்டால் அது எப்படி நடக்கிறது என்று படிக்கத் தொடங்கிவிடுவேன். தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் இளமைப் பருவம் முடிவதற்குள்ளேயே குறைய ஆரம்பித்துவிடுகிறது, ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகான முதல் ஐந்து வருடத்தில் மட்டும் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். நான் அந்த ஐந்து வருடத்தின் நடுவில் இருக்கிறேன், அதனால் இந்த எண் எனக்கு வெறும் எண்ணாகப் படவில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திட்டுகள் சில இடத்தில் வற்றுகின்றன, சில இடத்தில் சரிகின்றன. அதற்கும் கீழே எலும்பே மாறுகிறது, கண்குழி அகலமாகிறது, தாடை எலும்பு தேய்கிறது. தோல் தளர்ந்துவிட்டது என்று கிரீமைப் பூசிக்கொண்டிருக்கிறோம், கூடாரத்தைத் தாங்கும் கம்பே உள்ளே குட்டையாகிக்கொண்டிருக்கிறது.

இதில் வெயிலின் பங்கு பெரியது. 2012ல் ஒரு மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகம் ஆழமாக உழுத நிலம் போல இருக்கும், மறுபாதி அவருடைய தம்பியுடையது என்று சொல்லலாம். அதைப் பார்த்த நாளிலிருந்து தொப்பி இல்லாமல் வெளியே போவதில்லை, அது வேறு கதை. அப்புறம் காது. 1995ல் இங்கிலாந்தில் சில மருத்துவர்கள் உட்கார்ந்து 206 பேருடைய காதுகளை அளந்து, அது ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் நீள்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். ஐம்பது வருடத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இதைப் படித்துக் காட்டியதும் என் கணவர் எழுந்து போய் ஸ்கேல் எடுத்துவந்தார். அளந்து பார்த்தார். எவ்வளவு என்று சொல்ல மறுத்துவிட்டார்.

தலைமுடி விஷயத்தில் நான் கொஞ்சம் முன்னமே சரணடைந்துவிட்டேன். 49 வயதில் சாயம் பூசுவதை நிறுத்தினேன். கொள்கை ஒன்றும் இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை குளியலறையில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவது அலுத்துப்போனது, அவ்வளவுதான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்கிறது, அதனால் தோளோடு வெட்டிக்கொண்டும் முழுசாக நரைத்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருடமும் மேலே வெள்ளை, கீழே கறுப்பு. ஒரு முடி வெளியே வந்த பிறகு அதுவாக நிறம் மாறுவதில்லை. வேரில் நிறம் தயாரிக்கும் செல்கள் ஓய்ந்தபின் அடுத்து முளைப்பது வெள்ளையாக முளைக்கிறது. ஒரே ராத்திரியில் நரைத்துவிட்டார் என்பதெல்லாம் கதைக்குத்தான் ஆகும். ஆனால் என்னைப் பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஒரே ராத்திரியில் நடந்துவிட்டது மாதிரிதான் குரலைத் தாழ்த்தினார்கள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" "வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்கள்ல?" என்று விசாரணை. ஒரு தோழி மட்டும், "எனக்கு மனசுல முப்பது வயசு, தலைக்கும் அதையே சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லி இன்றுவரை சாயம் பூசிக்கொள்கிறாள். அவள் பூசிக்கொள்வதும் நான் விட்டதும் ஒரே அளவு சரி என்றுதான் நினைக்கிறேன். முகத்தையோ முடியையோ பார்த்துக்கொள்கிறவர்களை ஏதோ ஆழமில்லாதவர்கள் மாதிரி பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இப்படி ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் யாராவது வந்து, "வெளி அழகு எதுக்கு, உள்ளழகுதான் நிரந்தரம்" என்று ஆறுதல் சொல்வார்கள். இந்த வார்த்தை மேல் எனக்கு நெடுநாள் கோபம். ஏனென்றால் இருபது வயதில் அழகாக இருக்கிற பெண்ணிடம் யாரும் உள்ளழகைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்களிடம் பேசுவது அதைவிட அபூர்வம். முகத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாதபோதுதான் "நல்ல மனசுள்ள பொண்ணு" என்பார்கள், அது எந்த அர்த்தத்தில் சொல்லப்படுகிறது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரியும். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளைக்குக் கொடுக்கும் பென்சில் மாதிரி. அந்தப் பென்சிலை வாங்கிய அனுபவம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வார்த்தையைக் கோபத்தோடு ஒதுக்கிவிடவும் முடியவில்லை. கொஞ்ச காலமாக எனக்குப் படுவது இது: உள்ளழகு என்று ஒன்று உள்ளே எங்கோ தனி அறையில் உட்கார்ந்திருப்பதாகவும், முகம் கெட்டுப்போன பிறகு அதைத் திறந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டும் என்பதாகவும் சொல்கிறார்களே, அது தப்பு. அது கண்ணால் பார்க்கக்கூடியது. முகத்தில்தான் இருக்கிறது. பார்க்கிறவருக்குக் கொஞ்ச காலம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. முதலில் எதிர்ப்பக்கத்தைச் சொல்கிறேன். 1920ல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடல்தோற்றத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவரே அறிவுக்கும், தலைமைக்கும், குணத்துக்கும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார், நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஆள் பார்க்க நன்றாக இருந்தால் மற்ற நல்ல குணங்களையெல்லாம் நாமே எழுதிக்கொடுத்துவிடுகிறோம். இது எல்லோருக்கும் தெரிந்த அநியாயம்தான். அதிகம் பேசப்படாதது இதன் மறுபக்கம். 2004ல் கெவின் நிஃபின், டேவிட் ஸ்லோன் வில்சன் என்ற இருவர், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள் பரஸ்பரம் தோற்றத்துக்கு என்ன மதிப்பெண் போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். கவனியுங்கள், குணத்துக்கு இல்லை, தோற்றத்துக்கு. அதில் ஒரு படகோட்டும் அணி. அந்த அணியில் உழைக்காமல் ஏய்க்கிற ஒருவர் இருந்தார், கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரை அழகில்லாதவர் என்றார்கள். கடுமையாக உழைக்கிற இன்னொருவரை எல்லோரும் அழகானவர் என்றார்கள். இவர்களைத் தெரியாத வெளியாட்களிடம் கேட்டால் இருவருக்கும் அப்படி எந்த வித்தியாசமும் அவர்கள் கண்ணில் படவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர் என் பழைய அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவரைப் பார்த்து என்ன நினைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது: ஒட்டிய கன்னம், துருத்திய பல், ஏதோ கோபக்காரர் போல. ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். புதிதாக வருகிறவர் தப்பு செய்து மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் எழுந்து நிற்பவர் அவர். பிறகு அந்த உதவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் ஓய்வுபெற்ற அன்று எடுத்த குழுப் படத்தை என் கல்லூரித் தோழியிடம் காட்டி, "இவர்தான், எவ்வளவு களையான முகம் பார்" என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மரியாதைக்கு "ம்ம்" என்றாள். அவள் பார்த்தது நான் முதல் நாள் பார்த்த முகம். அந்த முகத்தைத் திரும்ப ஒரு தடவை பார்க்கலாம் என்று நானும் முயன்றேன், முடியவில்லை, அது எனக்கு இல்லாமல் போய்விட்டது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியைச் சின்ன வயதில் வெறும் உபதேசமாகத்தான் கேட்டிருக்கிறேன். முதல் பார்வைக்கு அது பொய். ஒன்பதாவது வருடப் பார்வைக்குச் சரியாக இருக்கிறது.

நிக்கோலஸ் நிக்சன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தன் மனைவியையும் மனைவியின் மூன்று சகோதரிகளையும் 1975ல் ஒரு படம் எடுத்தார். கடைசித் தங்கைக்கு 15, மூத்தவருக்கு 25. பிறகு வருடத்துக்கு ஒரு படம் என்று 2022 வரை வெளியிட்டு வந்தார், எல்லாம் கறுப்பு வெள்ளை, ஒவ்வொரு படத்திலும் நால்வரும் அதே வரிசையில். அவற்றை முதன்முதலாக வரிசையாகப் பார்த்தபோது முதல் பத்துப் படம் வரை என் கண் இதில் யார் அழகு என்றுதான் தேடியது, மறைக்க என்ன இருக்கிறது. இருபதைத் தாண்டும்போது எங்கே என்று தெரியாமல் அந்தத் தேடல் நின்றிருந்தது. யார் தோளில் யார் கை இருக்கிறது, போன வருடம் தள்ளி நின்றவர் இந்த வருடம் ஏன் நெருங்கி நிற்கிறார், இந்த முகத்தில் இந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. இருந்தும் கடைசிப் படங்கள் வந்தபோது அந்த நாலு சுருங்கிய முகங்களை விட்டுவிட்டு முதல் படத்துக்குத் திரும்ப மனசு வரவில்லை. அதில் இருந்தவர்கள் யாரோ நாலு அழகான பெண்கள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி 27 வருடம் ஆனவர்களுக்கு இது தானாக நடந்துவிடும் என்று நினைப்பேன். முழுக்க உண்மையில்லை. ஒருவரையொருவர் பார்க்காமலே பத்து வருடம் ஓட்டிவிடலாம், நாங்கள் கொஞ்சம் ஓட்டியும் இருக்கிறோம். நாற்பத்தைந்தை ஒட்டிக் கண்ணின் வில்லை விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்குகிறது, அதாவது முகத்தில் கோடு விழும் அதே வயதில் கோடு தெரியாமல் போகிறது. "இயற்கைக்கும் கொஞ்சம் இங்கிதம் இருக்கு" என்பார் என் கணவர். ஆனால் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத என் படங்களை அவர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துவைப்பது கண்ணாடி போட்டுக்கொண்டேதான். அதற்கு விளக்கம் இருக்கிறது. 1977ல் செய்த ஒரு ஆய்வில் பெண்களிடம் அவர்களுடைய முகப் படத்தையே இரண்டு விதமாகக் கொடுத்தார்கள், ஒன்று நேரானது, இன்னொன்று கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியது. தங்கள் முகத்தில் பெரும்பாலோருக்குப் பிடித்தது கண்ணாடிப் படம். தோழிகளுக்கும் நெருங்கியவர்களுக்கும் பிடித்தது நேரான படம். பழகிய முகமே பிடிக்கிறது. என் முகம் என்று நான் காலம் காலமாகத் திட்டிக்கொண்டும் தடவிக்கொண்டும் இருப்பதை என்னைத் தவிர வேறு யாரும் பார்த்ததே இல்லை. மற்றவர்களிடம் இருப்பது வேறு ஒன்று, அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத்தான் தகுதி குறைவு.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான், இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா அழகி. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். குறிப்பாக அவள் சிரிப்பு. உதடு இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரியும், ஒரு தசை கூட அதிகம் இருக்காது. யாரிடமும் அந்தச் சிரிப்பு ஒன்றேதான். பிடித்தவர், பிடிக்காதவர், கடன் கேட்க வந்தவர், எல்லோருக்கும் அதே. 76 வயதில், ஒரு காலையில், பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடதுபக்கம் தானாக வழிந்தது. பக்கவாதம். நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் காலும் கையும் பெரும்பாலும் தேறிவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. இடது வாயோரம் மட்டும் இறங்கியது இறங்கியபடியே நின்றுவிட்டது.

அவள் கையைப் பற்றியோ காலைப் பற்றியோ அழவில்லை. வாயைப் பற்றித்தான் அழுதாள். யாராவது பார்க்க வந்தால் தூங்குவது போல் படுத்துக்கொண்டாள். தப்பிக்க முடியாதபோது வலது கையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். உயிர் பிழைத்ததே பெரிது, இந்த வயதில் அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். எந்த வயது வரை அது வேண்டிக்கிடக்கலாம் என்று அவர்களிடம் கேட்கத் தோன்றியது. அறுபது வருடம் கூடவே இருந்த ஒன்றைத் தொலைத்தவளிடம் அது தொலைந்தால் என்ன என்று கேட்பது துக்க வீட்டில் போய்க் கணக்குப் பார்க்கிற மாதிரி.

மருத்துவர் அவளைப் பரிசோதித்தபோது புருவத்தை உயர்த்தச் சொன்னார். இரண்டும் ஒழுங்காக உயர்ந்தன. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை போகிறதாம், வாயோரத் தசைக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும்தான், அதனால் இந்த மாதிரிப் பக்கவாதத்தில் முகத்தின் கீழ்ப்பாதி படுத்துவிட்டாலும் மேல்பாதி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அன்றைக்கு அது எனக்கு ஒரு மருத்துவக் குறிப்பு. அதன் அர்த்தம் புரிய இரண்டு மாதம் ஆனது. ஒரு மதியம் ஏதோ படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பெயரைத் தப்பாக வாசித்துவிட்டேன், நிமிர்ந்தால் அம்மாவின் கண்ணோரம் விசிறி போல விரிந்திருந்தது, கண் இரண்டும் சிறுத்து, கீழிமை மேலே தள்ளி, கன்னம் ஏறி. வாய் என்ன செய்தது என்று பார்க்கவில்லை. அவள் சிரிக்கிறாள் என்பதும், அது என்னைக் கிண்டல் செய்கிற சிரிப்பு என்பதும், எனக்கு 50 வயதுக்கு மேல் ஆகி அந்தச் சிரிப்பை முதன்முதலாகப் பார்க்கிறேன் என்பதும் ஒன்றாக உறைத்தது.

டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862லேயே எழுதியிருக்கிறார், வாயோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் வளையத் தசையோ மனம் உண்மையில் மகிழ்ந்தால்தான் அசையும் என்று. சிலரால் அதையும் வேண்டுமென்றே செய்ய முடியும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இருக்கலாம். என் அம்மாவுக்கு அந்த வித்தை தெரியாது. ஊருக்காகச் சிரித்த அந்த அழகான வாய் இப்போது வேலைக்கு வருவதில்லை, மிச்சம் இருப்பது கண். பிடிக்காதவர் வந்தால் அந்தக் கண்ணில் ஒன்றும் நடக்காது. பேரன் வந்தால் அறை முழுக்க நடக்கும். அந்தக் கண்ணோரக் கோடுகள் அவள் முகத்தில் இருபது வருடமாக இருந்தவைதான், எதனால் விழுந்தவை என்று இப்போதுதான் தெரிகிறது. ஊருக்குக் காட்டாமல் இத்தனை நாள் எங்கேயோ சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இந்தக் கண்டுபிடிப்பில் பூரித்துப்போய் அவளிடமே போய்ச் சொன்னேன், "அம்மா, முன்னவிட இப்பத்தான் உன் சிரிப்பு அழகா இருக்கு." அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கென்ன, உன் வாய் நேரா இருக்கு" என்றாள். குழறலிலும் அது தெளிவாகக் கேட்டது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவள் சொன்னது சரி. நான் செய்ததும் அந்தப் பென்சில் பரிசுதான், கொஞ்சம் விலை கூடின பென்சில். அவள் இழந்ததை நான் லாபமாக எழுதிவிட்டேன். எனக்கு லாபம், அது உண்மை, அவளுக்கு இல்லை. இரண்டும் ஒரே முகத்தைப் பற்றித்தான், ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடைக்க முடியாது. அதற்குப் பிறகு அழகு என்ற சொல்லையே அவளிடம் எடுப்பதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். "நீ சிரிச்சதும் அவன் போனைக் கீழ வச்சுட்டான் பாத்தியா?" இப்படி. அதற்கு அவள் கோபித்துக்கொள்வதில்லை.

இதிலிருந்து மற்றவர்களிடம் பேசுவதும் கொஞ்சம் மாறியது. "வயசே தெரியல" என்பதை நாம் பெரிய பாராட்டாக நினைத்துச் சொல்கிறோம், யோசித்தால் வயது தெரிந்திருந்தால் அது உன் குற்றம் என்றுதானே அதற்கு அர்த்தம். "இந்த வயசுலயும் அழகா இருக்கீங்க" என்பதில் வரும் அந்த ஒரு 'யும்' போதும், ஒரு நாளைக் கெடுக்க. இப்போது முடிந்தவரை எதைப் பார்த்தேனோ அதைச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு தோழியிடம் ஒருநாள், "நீ கேட்டுக்கிட்டிருந்தா நான் பேசுறது எனக்கே தெளிவாகுது, உன் முகத்துல அப்படி ஒரு அமைதி வருது" என்றேன். போனில் இருந்தாளோ இல்லையோ என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சத்தமே இல்லை. பிறகு, "இதை யாரும் என்கிட்ட சொன்னதில்ல" என்றாள். அவளுக்கு 58 வயது.

வயது ஏறினால் மனமும் தானாகக் கனிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. லாரா கார்ஸ்டென்சன் போன்ற உளவியலாளர்கள் பல வருடம் ஆராய்ந்து, மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் வேண்டாத உறவுகளைக் கழித்துவிட்டு நெருக்கமானவர்களோடு இருக்க விரும்புகிறார்கள், நல்லதையே அதிகம் கவனிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், பொதுவாகப் பார்த்தால் உண்மைதான். ஆனால் எங்கள் உறவில் ஒருவர் இருக்கிறார், இளமையில் யாரும் திரும்பிப் பார்க்கிற தோற்றம், அந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டு எதைச் சொன்னாலும் மன்னிக்கப்பட்டவர். இப்போது 70 ஆகிறது. வாயோரம் இரண்டு கோடும் கீழ்நோக்கி இறுகி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூட யாரையோ குறை சொல்லிக்கொண்டிருப்பது போல் இருக்கிறார். பெரும்பாலும் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். நான் அவரை நியாயமாகப் பார்க்கவில்லையோ என்றும் தோன்றும். படகோட்டி அணி மாதிரி, அவர் குணம் தெரிந்ததால் எனக்கு அந்த முகம் அப்படித் தெரிகிறதோ என்னவோ. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் இடத்தை நான் தாண்டிவிட்டேன்.

பாஸ்போர்ட் படத்துக்குத் திரும்பினால், ஆறு பிரதி கொடுத்திருந்தான் அந்தப் பையன், எனக்குத் தேவை இரண்டு. மிச்சத்தை மேஜையில் போட்டிருந்தேன். புருவ நடுவே நிற்கும் அந்தக் கோடு ரொம்ப விலையுயர்ந்த கோடு, தெரியுமா. அமெரிக்காவில் 2002ல் பொட்டாக்ஸ் ஊசியை அழகுக்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று முதன்முதலில் அனுமதி கொடுத்ததே அந்தக் கோட்டுக்குத்தான். மூன்று நான்கு மாதம் தாங்கும், பிறகு மறுபடியும் போட வேண்டும். நான் அதையும் படித்து வைத்திருந்தேன் என்பதை ஒளிப்பானேன்.

அம்மா மேஜையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள், வலது கையால்தான் எடுப்பாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இல்லை என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன், அவள் படங்களைப் பற்றிக் கறாரானவள். கட்டைவிரலைக் கொண்டுபோய் என் புருவத்துக்கு நடுவே வைத்தாள்.

"இது அப்பாவோடது" என்றாள்.

"எதும்மா?"

"இந்தக் கோடு. எழுதும்போது வருமே அவருக்கு."

அப்பா போய் பதினொரு வருடம் ஆகிறது. கணக்கு எழுதும்போது நெற்றியைச் சுருக்குவார், கூப்பிட்டால் அந்தச் சுருக்கத்தோடே நிமிர்ந்து பார்ப்பார், கோபமாக இருக்கிறார் என்று சின்ன வயதில் பயப்படுவேன். நான் எதையும் எழுதும்போது அப்படிச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது, எழுதும்போது யார் கண்ணாடி பார்க்கிறார்கள்.

"இதுல ஒண்ணு எனக்கு வேணும்" என்றாள் அம்மா. இன்னும் மூன்று இருக்கிறது, எடுத்துக்கோ என்றேன். அதையே எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடங்காமல் வைத்து மூடிக்கொண்டாள்.